திரையில் தெரியும் பழுது

ஒரு யந்திரம் பழுதுற்றால் அதனைச் செப்பனிடுவதற்கு இரு வழிகள் உண்டு. ஐயத்துக்கு இடமான உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது ஒரு வழி. பழுதின் குறிகளை ஆராய்ந்து, காரணம் இன்னதெனத் துணிந்து, அந்த ஓர் உறுப்பை மட்டும் மாற்றுவது மற்றொரு வழி. முதல் வழிக்கு உதிரி உறுப்புகள் மிகுதியாக வேண்டும்; இரண்டாவதற்குப் பயிற்சி வேண்டும். உறுப்புகள் மலிவாகக் கிடைக்கும் இக்காலத்தில் முதல் வழியே எங்கும் பரவியுள்ளது. அதனால் இரண்டாம் வழியைக் கற்பிக்கும் வாய்ப்பு தொழிற்கல்விக் கூடங்களில் குறைந்து வருகிறது. மின்னணுத் துறையில் இக்குறை எளிதிற் புலனாகும்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தாருக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் விஷயம் அன்று. திருப்பதியில் 1954-ஆம் ஆண்டில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது இங்கு மின்னணுத் தொழிற்சாலை எதுவும் இருந்ததில்லை. இன்றோ நிலைமை முற்றிலும் வேறு. ஸ்ரீசிட்டியில் 2015 முதல் கைப்பேசிகள் இணைத்து ஆக்கப்படுகின்றன; திருப்பதியை அடுத்துத் தொலைக்காட்சிப் பெட்டிகள் உருவாகின்றன. இவ்வட்டாரத்துப் பாலிடெக்னிக்குகளிலும் ஐ.டி.ஐ.களிலும் பயிலும் இளைஞர், யுவதியர் பலர் அத்தொழிற்சாலைகளை நோக்கியே படிக்கின்றனர்.

பெருந்தொழிற்சாலையில் வேலை சிறு சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஒருவர் திருகாணி முடுக்குவார். ஒருவர் திரையைப் பொருத்துவார். சோதனையில் தேறாத பலகை ஒதுக்கி வைக்கப்படும். விரைவான உற்பத்திக்கு இம்முறை இன்றியமையாதது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அங்குச் சில ஆண்டுகள் உழைத்த ஒருவர், பின்னர் சித்தூர்க் கடைத்தெருவில் செப்பனிடும் கடை ஒன்று வைக்க விரும்பலாம். மருத்துவமனையிலோ கல்லூரி ஆய்வுக்கூடத்திலோ கருவிகளைப் பேணும் பணிக்குச் செல்லலாம். அப்போது அவருக்கு வேண்டுவது பழுதைப் படித்தறியும் திறமை. அதனை அவர் எங்கே கற்பது?

இக்கேள்விக்குப் பொருத்தமான விடை, பலர் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிய ஒரு பொருளில் இருக்கிறது. காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டிகள் 1970-களின் இறுதியிலும் 1980-களிலும் உலகெங்கும் பரவின. ஜப்பானில் டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமோஹிரோ நிஷிகாதோ என்பவர் அமைத்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ 1978-இல் வெளிவந்தது. நாம்கோ நிறுவனத்தின் ‘பாக்-மேன்’ 1980-இல் தோன்றியது. இப்பெட்டிகளுக்குள் இருந்த மின்சுற்றுப் பலகைகள், அதாவது தொழிற்கூடங்களில் ‘போர்டு’ என வழங்குவன, பழுதுகாணும் கலைக்கு மிகச் சிறந்த பாடப் பொருள்கள். அவற்றைக் கழிவாக்குமுன் தொழிற்கல்விக் கூடங்களில் பாடமாக்குதல் வேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தப்படும் கருத்து.

பலகையின் அமைப்பு

இன்றைய கைப்பேசியில் கணிப்பது, நினைவில் வைப்பது, படம் ஆக்குவது ஆகிய தொழில்களுள் பெரும்பாலானவை நகத்தளவான ஒரே ஐ.சி.யில் அடங்கிவிடுகின்றன. அதன் உள்ளே நிகழ்வதை மாணவர் காணவோ அளக்கவோ இயலாது. பழைய விளையாட்டுப் பலகையிலோ ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனி ஐ.சி. உண்டு. அவற்றின் கால்கள் விரலால் எண்ணத்தக்க அளவில் உள்ளன. எந்தக் காலிலும் அளவுமானியின் முனையை வைத்துப் பார்க்கலாம்.

அமைப்பும் எளிதில் விளங்கக்கூடியதே. கட்டளைகளை நிறைவேற்றும் செயலி ஒன்று. ஸ்பேஸ் இன்வேடர்ஸில் அது இன்டெல் 8080, பாக்-மேனில் இசட்-80. ஆட்டத்தின் கட்டளைகளை மாறாமல் வைத்திருக்கும் ‘ரோம்’ ஐ.சி.கள் சில. கணத்துக்குக் கணம் மாறும் செய்திகளை எழுதி வைக்கும் ‘ராம்’ ஐ.சி.கள் சில. இவை தவிர, ராமில் உள்ளதை ஒழுங்காக எடுத்துப் புள்ளிகளாக மாற்றி, ஒரு விநாடிக்குச் சுமார் 60 தடவை திரைக்கு அனுப்பும் படச் சுற்று. இவை யாவும் ஒரு படிகத்தின் சீரான துடிப்புக்கு ஏற்ப இயங்குகின்றன. ஓர் உறுப்பு தவறினால் அத்தவறு திரையில் ஒரு வடிவமாகத் தென்படும். அவ்வடிவத்தைக் கொண்டு உறுப்பை அறிவதே மாணவர் பெறவேண்டிய பயிற்சி.

குறியும் காரணமும்

முதற் கேள்வி, குற்றம் திரைப்பெட்டியிலா பலகையிலா என்பது. படம் முழுவதும் ஒரு பக்கம் சுருங்கியிருந்தாலும், ஒரே கோடாக ஒடுங்கிவிட்டாலும், பலகையை விடுத்துத் திரைப்பெட்டியை நோக்க வேண்டும். எழுத்துகள் சிதைந்திருந்தாலும், ஒரே உருவம் வேண்டாத இடங்களில் திரும்பத் திரும்ப வந்தாலும், பலகையின்மேல் ஐயம் கொள்ளலாம். படம் நிலைகொள்ளாமல் உருண்டோடினால், படத்தைத் திரையோடு இசைவிக்கும் ‘சிங்க்’ துடிப்பு கெட்டுள்ளது என்று பொருள். அதன் காரணம் இரு பக்கத்திலும் இருக்கலாம். இடையிலுள்ள கம்பியிலும் இருக்கலாம். ஒரு நிறம் மட்டும் காணாமற்போனால் அந்நிறத்துக்குரிய கம்பியையே முதலில் சோதிக்க வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போன்ற பல பெட்டிகளில் படக்குழாய் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தப்பட்டிருக்கும். சாதாரணத் தொலைக்காட்சியில் படம் ஒரே கிடைக்கோடாக ஒடுங்கச் செய்யும் பழுது, இங்கே நெடுக்கோடாகக் காட்சியளிக்கும். நூலில் படித்த குறியை அப்படியே மனப்பாடமாகக் கொண்டவர் இவ்விடத்தில் தடுமாறுவார். கருவி எவ்வாறு நிறுத்தப்பட்டுள்ளது என்பதைக் கண்டு, காரணத்தோடு இணைத்துச் சிந்தித்தவர் தடுமாறமாட்டார்.

பெட்டியை இயக்கியவுடன் பொருளற்ற புள்ளிகளும் கட்டங்களும் திரையை நிறைத்து அசையாது நிற்கும் பழுதும் உண்டு. எல்லாமே கெட்டுவிட்டதென்று புதியவர் மனம் தளர்வார். உண்மையில் அக்காட்சி பல நற்செய்திகளைத் தருகிறது. மின்சாரம் பாய்ந்த கணத்தில் ராமில் தாறுமாறாக அமைந்த செய்திகளையே படச் சுற்று திரையில் காட்டுகிறது. ஆகவே திரைப்பெட்டியும், துடிப்பும், படச் சுற்றின் பெரும்பகுதியும் செம்மையாக உள்ளன. அத்தாறுமாற்றைத் துடைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கவேண்டிய செயலிதான் வேலை செய்யவில்லை. அதற்குக் காரணம் செயலியே ஆகலாம். கட்டளை தரும் ரோம் ஆகலாம். இடையிலுள்ள வழிகளும் ஆகலாம். படம் சிறிது இடைவெளிவிட்டு மீண்டும் மீண்டும் தொடங்கினால், செயலியைக் கண்காணிக்கும் காவற்சுற்று, உரிய நேரத்தில் குறி வராமையால் அதனைத் திரும்பத் திரும்ப எழுப்புகிறது என்று அறியலாம்.

ராம் ஐ.சி. ஒன்றின் பழுது இன்னும் நுட்பமாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் படத்தில் 224 வரிகள். வரி ஒன்றுக்கு 256 புள்ளிகள். ஆக மொத்தம் 57,344 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு பிட்டு வீதம், எட்டுப் பிட்டுகள் ஒரு பைட்டாக, 7,168 பைட்டுகள் படத்துக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பைட்டின் எட்டுப் பிட்டுகளும் எட்டு வெவ்வேறு ஐ.சி.களில் ஒன்றொன்றாகப் பிரித்து வைக்கப்படுமாயின், ஓர் ஐ.சி. கெட்டவுடன் வரிதோறும் எட்டுப் புள்ளிகளுக்கு ஒரு புள்ளி தவறும். அத்தவறுகள் வரிக்கு வரி நேராக அமைந்து 32 கோடுகளாகத் தெரியும். கோடு எட்டுப் புள்ளிக் கூட்டத்தில் எத்தனையாவது இடத்தில் விழுகிறது என்று எண்ணினால், பழுதுற்ற ஐ.சி. எட்டில் எது என்பது விளங்கிவிடும்.

இதற்கு மேலும் ஒரு படி செல்லலாம். நினைவகம் எட்டெட்டு ஐ.சி.களாக இரு வரிசைகளில் உள்ளது என்றும், வரிசை ஒவ்வொன்றும் 4,096 பைட்டுகளைத் தாங்குகிறது என்றும் கொள்வோம். ஒரு வரிக்கு 32 பைட்டுகள் என்பதால் இரண்டாம் வரிசை 128 வரிகளை ஆளும். அவ்வரிசையில் ஓர் ஐ.சி. கெட்டால் கோடுகள் திரையின் பாதிக்குச் சற்று மிகுந்த பகுதியில் மட்டும் காணப்படும். ஆட்டம் தொடர்ந்து நடக்கும். முதல் வரிசையிலோ படத்தோடு செயலியின் சொந்தக் கணக்குகளுக்குரிய 1,024 பைட்டுகளும் இருப்பதால், அங்கே பழுது நேர்ந்தால் ஆட்டம் தொடங்குவதே அரிது. திருகாணி ஒன்றையும் கழற்றாமல், கூட்டலும் வகுத்தலும் மட்டும் கொண்டு பதினாறில் ஒன்றைச் சுட்டிவிட முடிகிறது. பள்ளிக் கணக்கு இத்துணைப் பயன்படும் என்பதை மாணவர்க்கு உணர்த்த இதனினும் நல்ல உதாரணம் கிடைப்பது எளிதன்று.

பாக்-மேன் வேறு வகையைச் சேர்ந்தது. அதன் திரை 28 நிரலும் 36 வரிசையுமாகக் கட்டங்களாய்ப் பகுக்கப்பட்டுள்ளது. கட்டத்தில் இடவேண்டிய வடிவங்கள் ரோமில் உள்ளன. எந்தக் கட்டத்தில் எந்த வடிவம் என்பதை ராம் சொல்கிறது. அச்சுக்கூடத்தை அறிந்தவர்க்கு இவ்வமைப்பு உடனே விளங்கும். அச்செழுத்தே உடைந்திருந்தால் அவ்வெழுத்து பக்கமெங்கும் உடைந்தே பதியும். எழுத்துக் கோப்பவர் தவறினால் எழுத்து முழுமையாய் இருந்து இடம் மாறி நிற்கும். அதுபோலவே ஒரு வடிவம் வருமிடமெல்லாம் சிதைந்து வந்தால் வடிவ ரோமை ஐயுற வேண்டும். நல்ல வடிவங்கள் தகாத கட்டங்களில் நின்றால் ராமையும் அதன் வழிகளையும் ஐயுற வேண்டும். பின்னணிக் கட்டங்கள் தெளிவாக இருந்து, ஓடியாடும் உருவங்கள் மட்டும் கிழிந்து தோன்றினால், அவற்றுக்கென அமைந்த தனிச் சுற்றில் குற்றம் உள்ளது.

செய்முறை ஒழுங்கு

குறிகளை அறிந்தால் மட்டும் போதாது; வேலையில் ஒழுங்கும் வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய நிலையில் பலகையைக் கண்ணால் நன்கு பார்ப்பது முதற்படி. பாசிபிடித்த இணைப்பு முனை, விரிசல் விட்ட ஈயப்பற்று, உப்பிய கண்டென்சர், வளைந்த கால் ஆகியவை இங்கேயே அகப்படும். அடுத்து, ஐந்து வோல்ட்டு மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். மின்வழங்கியின் வாயிலில் அளப்பதோடு நிற்காமல், ஐ.சி.யின் கால்களிலேயே அளக்க வேண்டும். பழைய 74-ஆம் வரிசை ஐ.சி.களுக்கு 4.75 முதல் 5.25 வோல்ட்டு வரை இருத்தல் வேண்டும். இணைப்பு முனை கெட்டு மின்னழுத்தம் குறைந்திருக்குமானால், மின்வழங்கியைத் திருகி உயர்த்துவது தவறு; முனையைத் துப்புரவு செய்வதே முறை.

பின்னர் துடிப்பு இருக்கிறதா, செயலி எழுப்பப்படுகிறதா என்பவற்றை நோக்கி, அதன் பிறகே திரையின் குறியை ஆராய வேண்டும். குறி ஓர் ஐ.சி.யைச் சுட்டினாலும் உடனே அதனைப் பிடுங்குதல் கூடாது. ஆசிலாஸ்கோப்பு கொண்டோ, லாஜிக் புரோப்பு கொண்டோ, வேறொரு சோதனையாலும் உறுதி பெற வேண்டும். நல்ல ஐ.சி. ஒன்றைக் கெட்டதன்மேல் கால்கள் பொருந்த ஏற்றிவைத்துப் பார்க்கும் வழக்கம் தொழிற்கூடங்களில் உண்டு. கெட்ட ஐ.சி. மௌனமாகிவிட்டிருந்தால் மட்டுமே அது பலன் தரும், கெட்ட ஐ.சி. தவறான குறியை வலிந்து அனுப்பிக்கொண்டிருந்தால் பலன் தராது. கண்ணாடிச் சாளரம் உடைய ரோம்களின்மேல் ஒட்டப்பட்ட காகிதத்தையும் உரித்தல் கூடாது. புற ஊதாக் கதிர் பட்டால் அவற்றில் எழுதியவை அழிந்துவிடும் என்பதாலேயே அக்காகிதம் ஒட்டப்பட்டுள்ளது. கண்டவை யாவற்றையும், பயன் தராத சோதனை உட்பட, குறிப்பேட்டில் எழுதிவரல் வேண்டும்.

படக்குழாயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதன் உள்ளே பல ஆயிரம் வோல்ட்டு மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அது தங்கியிருக்கும். பழைய திரைப்பெட்டிகள் சிலவற்றில் உலோகச் சட்டமே வீட்டு மின்சாரத்தோடு நேரே தொடர்புற்றிருக்கும்; தனிப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் இன்றி அவற்றை இயக்குதல் ஆபத்து. ஆதலால் மாணவர் கைக்குப் பலகை மட்டுமே தரப்பட வேண்டும். திரைப்பெட்டியின் மூடியைத் திறப்பது பயிற்சி பெற்ற ஆசிரியர் பொறுப்பு.

காதங்கியின் பாடம்

விளையாட்டுப் பலகையில் கற்ற முறை பெரிய கருவிகளுக்குப் பயன்படுமா என்ற ஐயம் எழக்கூடும். அதற்குச் சித்தூர், திருப்பதி வட்டாரத்திலேயே விடை உண்டு. இவ்விரு நகரங்களுக்கும் இடையே காதங்கி என்னும் சிற்றூரில் விண்வெளித் துறையைச் சார்ந்த தேசிய வளிமண்டல ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. 1990-களில் தேசிய ரேடார் வசதியாக வளர்ந்த இந்நிலையம், 2005-இல் தற்போதைய பெயரைப் பெற்றது. ஏறத்தாழ 130 மீட்டர் சதுரமான வெளியில் 32 வரிசை, வரிசைக்கு 32 என 1,024 அலைவாங்கி நிலைகள் அங்கு நிறுவப்பட்டன. 53 மெகாஹெர்ட்சு அலைகளை மேல்நோக்கி அனுப்பி, திரும்பிவரும் மெல்லிய எதிரொலியிலிருந்து காற்றின் வேகத்தை உயரம்தோறும் அறிகிறார்கள்.

தொடக்கத்தில் 32 பெரிய ஒலிபரப்பிகள் இவ்வணியை இயக்கின. பின்னர் ஒவ்வோர் அலைவாங்கி நிலைக்கும் தனித்தனிச் சிறு கருவி பொருத்தப்பட்டு அமைப்பு புதுப்பிக்கப்பட்டது. இத்தகைய அணியில் ஆயிரத்தில் ஒன்று பழுதுற்றாலும் படம் அழிவதில்லை. திறமை சிறிதே குறையும். இது பெரும் நன்மையே. ஆயினும் பழுது கண்ணுக்கு மறைந்தே இருக்கும். அதனைக் கண்டறிய ஒவ்வொரு பகுதியையும் முறையாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். தொடரைப் பாதியாகப் பகுத்து, குற்றம் எப்பாதியில் என்று காண்பதும், அப்பாதியை மீண்டும் பகுப்பதும் சிறு பலகைக்கும் பெரிய ரேடாருக்கும் பொதுவான முறை. பழுது வெளிப்படையாகத் தெரியும் இடத்தில் இம்முறையைப் பழகியவரே, பழுது மறைந்திருக்கும் இடத்தில் அதனை நம்பிக் கையாள முடியும்.

தடைகளும் விடைகளும்

வழக்கொழிந்த பொருளைக் கற்பதால் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பர். அது நியாயமான கேள்வியே. பழைய பலகையைப் பழுதுபார்க்கும் வேலை நம் நாட்டில் மிகுதியாக இல்லை. ஆனால் மின்னழுத்தம், துடிப்பு, செயலி, நினைவகம், படம் என்னும் வரிசை இன்றைய கருவிகளிலும் மாறவில்லை. கைப்பேசி பழுதுபார்ப்பவரும் மின்வழங்கலில் தொடங்கியே மேலே செல்கிறார். உறுப்புகள் சிறுத்துவிட்டனவே தவிர, காரணகாரியத் தொடர்பு அவ்வாறே உள்ளது.

கணினித் திரையில் இப்பலகையைப் போலவே இயங்கும் மென்பொருள் கிடைக்கும்போது பலகை எதற்கு என்றும் வினவலாம். அம்மென்பொருளில் ஆட்டத்தைக் காணலாம். தளர்ந்த ஈயப்பற்றைக் காண முடியாது. சூடேறியபின் மட்டும் தவறும் ஐ.சி.யை விரல் நுனியால் உணரும் அநுபவமும் அங்கு இல்லை.

பலகை கிடைப்பது அரிது என்பது மெய்யான தடை. 1976-இல் தோன்றிய இசட்-80 செயலியின் மூல வடிவத்துக்குரிய கொள்முதல் ஆணைகளை ஏற்பதை அதன் நிறுவனம் 2024-இல் நிறுத்திக்கொண்டது. இனி இருப்பில் உள்ளவற்றையும், பழைய பலகைகளிலிருந்து எடுப்பவற்றையுமே நம்ப வேண்டும். எனவே இப்போதே சேகரித்து வைத்தல் நலம். விளையாட்டுப் பலகை அகப்படாத இடத்தில் 1980-களின் வீட்டுக் கணினிப் பலகை, பழைய மின் எழுத்துப் பலகை, கல்லூரிகள் கழித்துவிட்ட 8085 பயிற்சிப் பெட்டி ஆகியவை உதவும். 74-ஆம் வரிசை ஐ.சி.களில் பல இன்றும் விற்பனையில் உள்ளன. அவற்றைக் கொண்டு சிறு படச் சுற்று ஒன்றை மாணவரே அமைத்து, வேண்டுமென்றே ஒரு கம்பியை எடுத்துவிட்டு, திரையில் நேரும் மாறுதலைப் பதிவு செய்யலாம்.

செய்ய வேண்டுவன

உலகில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததென்று ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் கணக்கு கூறுகிறது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவே. இந்தியாவில் புதிய மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. நுகர்வோர் விவகாரத் துறை, செப்பனிடும் உரிமை பற்றி 2022-இல் ஒரு குழுவை அமைத்தது. உரிமை சட்டத்தில் கிடைத்தாலும், செப்பனிடத் தெரிந்தவர் ஊரில் இல்லையெனில் அவ்வுரிமையால் பயன் யாது?

ஆதலின் தொழிற்கல்வி ஆசிரியர்கள், ஆய்வுக்கூடத்தில் ஒரு மேசையைப் பழுதுகாணும் பயிற்சிக்கென ஒதுக்குதல் நன்று. பருவத்துக்கு ஒரு பலகையேனும் மாணவர் கைகளில் தரப்பட வேண்டும். ஐ.சி.யை மாற்றியதற்கு மட்டும் மதிப்பெண் வழங்காமல், ஏன் அந்த ஐ.சி. என்று எழுத்தில் காட்டிய காரணத்துக்கு மிகுதியான மதிப்பெண் வழங்கலாம். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இவ்வட்டாரத்தில் மாணவர் எம்மொழியில் காரணம் கூறினாலும் ஏற்றுக்கொள்வது பொருந்தும்; ‘போர்டு’, ‘சால்டரிங்’ போன்ற தொழிற்கூடச் சொற்கள் இருமொழியாருக்கும் பொதுவாகவே உள்ளன. கள ஊழியர்கள், அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் கழிக்கப்படும் பழைய பலகைகளைப் பற்றி அருகிலுள்ள தொழிற்கல்விக் கூடத்துக்குத் தெரிவித்து, உரிய அனுமதியுடன் அவை அங்குச் சேர வகை செய்யலாம்.

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு மல்டிமீட்டர், ஒரு லாஜிக் புரோப்பு, நல்ல சால்டரிங் அயர்ன், பழுதுற்ற பலகை ஒன்று, குறிப்பேடு ஒன்று ஆகியவை தொடங்குவதற்குப் போதும். அடுத்த கல்வியாண்டுக்குரிய செய்முறைப் பட்டியலை வகுக்கும்போதே இப்பயிற்சிக்கும் சில மணி நேரத்தை ஒதுக்கிவிடுதல் பொருத்தமாகும்.